சேலையை மடி, மாப்ள!

சிம்மக்கல்லில் என் தாய்மாமனின் ஜவுளிக்கடைச் சுவரில் அந்த இரும்புக் கஜக்கோல் இன்னும் தொங்குகிறது. மீட்டர் வந்தபின் அதற்கு வேலை இல்லை. அதைப் பார்த்தாலே எனக்குத் தோள் வலிக்கும், கூடவே எரிச்சலும் வரும். யுத்தகாலத்தில் சாயங்காலம் தவறாமல் கல்லூரி மைதானத்தில் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்றவன் நான். எல்லாம் மாமன் மகனுக்காக. அவன்தான் எங்கள் கூடைப்பந்து டீமில் சென்டர். வளையத்துக்கு அடியில் நின்று பந்தை வாங்கிப் போடுகிறவன் நெடுநெடுவென்று இருக்க வேண்டாமா? இவன் என் காது உயரம். ஆண்டவன் அகலத்தில்தான் தாராளம் காட்டியிருந்தான். யாராலும் அவனை நகர்த்த முடியாது, ஆனால் அவன் எறிகிற பந்தை எந்த நெட்டையனும் அலுங்காமல் தட்டிவிடுவான். அந்த நெட்டையனின் கைக்குப் பதில்தான் கஜக்கோல்.

திருச்சி டீமோடு நடக்கும் மேட்சில் கூடை போடாவிட்டால், அவன் இடம் புதிதாகச் சேர்ந்த ஆறடிப் பையனுக்கு என்று டிரில் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டீமில் இல்லாதவனுக்கு மைதானத்தில் என்ன வேலை, கல்லாவுக்கு வரட்டும் என்று மாமாவும் காத்திருந்தார். விளையாட்டு என்றால் உயிரை விடுகிறவன் அவன். குள்ளனுக்கு இருக்கிற வழி ஒன்றுதான்: எறிவதுபோல் போக்குக் காட்ட வேண்டும், நெட்டையன் எம்பியதும் காத்திருந்து, அவன் இறங்கும்போது போட வேண்டும். தொண்டை வற்றச் சொன்னேன்.

“போடப்போறேன்னு காட்டிட்டுப் போடாம இருக்கிறது பொய்டா மச்சான். நமக்கு வேணாம்.”

“பந்து விளையாட்டுல என்ன மாப்ள பொய்யும் மெய்யும்?”

“எங்க சொன்னாலும் பொய் பொய்தான்.”

கஜக்கோலை அவன் தலையிலேயே போட்டுவிடலாமா என்றிருந்தது.

மேட்சுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இனி பிரயோசனமில்லை என்று அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். சோழவந்தான் பக்கத்து அம்மா ஒருத்தி சுங்குடிச் சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். “அம்புட்டுக்குக் கட்டாது தாயி” என்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையில் உட்காரும் நம்மாள் சேலையை நிதானமாக மடித்தான். எழுந்து, மேல்தட்டுக்கு இரண்டு கையாலும் தூக்கினான். வைக்கவில்லை. “சரிப்பா, குடு” என்று அந்த அம்மா பாய்ந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வைக்கப்போறேன்னு காட்டிட்டு வைக்கலையே, இது என்னடா?”

“இது யாவாரம்டா” என்றான், கண்கூட இமைக்காமல்.

மேட்சின் முதல் பாதியில் அவன் போட்டதையெல்லாம் திருச்சி டீமின் நெட்டையன் தட்டிவிட்டான். டிரில் மாஸ்டர் ஆறடிப் பையனைத் தயாராகச் சொன்னார். பொறுக்கமாட்டாமல் நான் பந்தை இவனிடம் எறிந்து கத்தினேன்: “சேலையை மடி, மாப்ள!”

ஒரு கணம் விழித்தான். பிறகு பந்தை நெஞ்சோடு அணைத்து, மேல்தட்டில் வைப்பதுபோல் நிதானமாகத் தூக்கினான். வைக்கவில்லை. திருச்சிக்காரன் ஆகாசத்துக்கு எம்பினான். அவன் இறங்குகையில் நம்மாள் சாவகாசமாகப் பலகையில் தட்டிக் கூடையில் போட்டான். அதற்கப்புறம் மடித்துக்கொண்டே இருந்தான். டீமில் அவன் இடம் நிலைத்தது. மேட்ச் முடிந்ததும் திருச்சிக்காரனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டானே, அதை என்ன சொல்ல!

போன வாரம் வேட்டி எடுக்கக் கடைக்குப் போனேன். நரைத்த தலையோடு கல்லாவிலிருந்து எழுந்துவந்து விலை சொன்னான். நான் குறைத்துக் கேட்டேன். “அம்புட்டுக்குக் கட்டாது மச்சான்” என்று மடித்தான். கஜக்கோல் தொங்குகிற சுவரோரம் போய், மேல்தட்டுக்கு இரண்டு கையாலும் தூக்கினான். வைக்க மாட்டான் என்பது இந்த மதுரையில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

“சரிடா, குடு” என்றேன்.