பேரையூர் அம்மா பிடித்த விளமீன்

இன்று மாலை, ராமநாதபுரத்தில் மதுரை பஸ் ஏறும்போது கண்டக்டர் என் அம்மாவை மறித்தார்.

"மீன் வாடை அடிக்குதும்மா. பையை இறக்கிருங்க."

"வெலைக்கு வாங்குனதுன்னா இறக்கிருவேன் தம்பி. இது நானே புடிச்சது."

"எந்த ஊரு நீங்க?"

"பேரையூரு."

பஸ்ஸே சிரித்தது. "பேரையூர்ல ஏதும்மா கடலு?" என்றார் ஒருவர்.

அம்மாவுக்குக் கிணற்றை எட்டிப் பார்க்கவே பயம். காலையில் மண்டபம் கடற்கரையில் என் நண்பரின் படகில் ஏறியவர், வெகுநேரம் கண்ணையே திறக்கவில்லை. தூண்டிலில் இறாலைக் கோத்துக் கையில் கொடுத்தேன். தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுபட்டதும் பயத்தை மறந்து எழுந்து நின்றுவிட்டார். முழங்கை நீள விளமீன். யாரையும் தொடவிடாமல் தானே இழுத்துப் போட்டார்.

அம்மா இதைச் சொல்லச் சொல்ல, கண்டக்டர் பையை விரித்துப் பார்த்தார்.

"ஆத்தாடி, இம்புட்டுப் பெருசா!"

அவரே அதைச் சாக்கில் சுற்றி முன்னால் வைத்தார். மதுரையில் இறங்கும்போது, "எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போகணும். படகு எங்கன ஏறணும்?" என்று அம்மாவிடம்தான் கேட்டார்.

உங்களுக்கும் வழி வேண்டுமென்றால் அம்மாவையே கேளுங்கள். எனக்கு ஒரு மீன்கூட மாட்டவில்லை.