ஓர்ஃபிலியாவின் பெயருக்குக் கீழே

நீல்டா சுகாஸ்தியின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுபோனவை. அவளுடைய இருபத்தோராவது வயதில், சான் எலியாஸ் ஊரின் இறைச்சி டின் தொழிற்சாலையில், மூடி அழுத்தும் இயந்திரம் அவற்றை எடுத்துக்கொண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். "கவனமா இருந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, போர்வைமேல் ஒரு காகிதத்தை வைத்துக் கையெழுத்துக் கேட்டார். விபத்துக்குத் தானே காரணம் என்று அவள் ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. வலது கைக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனாலும், "கை வலிக்குது சார்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில்காரி வீட்டுக்குப் போகும்போது ஒரு புத்தகத்தை விட்டுப் போயிருந்தாள். அட்டை கிழிந்த, மெல்லிய சிறுகதைத் தொகுப்பு. பெயர் 'எட்டாம் மேசை'. எழுதியவர் ஓர்ஃபிலியா காசலே. பள்ளிப் பாடத்தைத் தவிர எதையும் படித்திராத நீல்டா, பொழுது போகாமல்தான் அதைப் புரட்டினாள். முதல் கதையில் ஒருத்தி தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கைகளில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். மாட்டுக் கொழுப்பின் வாடை போவதாக இல்லை. அந்தக் கையால் ரொட்டியைத் தொடாதே என்கிறான் புருஷன். அவள் அந்தக் கையாலேயே ரொட்டியை எடுத்து, அவனுக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தானே தின்று முடிக்கிறாள்.

நீல்டா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சிஸ்டர்! இதை எழுதினவ எங்க லைன்ல நின்னிருக்கா!" என்று கத்தினாள்.

"நின்னாங்கதான். செத்து எட்டு வருஷமாச்சு. நீ படு" என்றாள் நர்ஸ்.

அந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டு நீல்டா வீடு திரும்பினாள். காகிதத்தில் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. வேலை போயிற்று. முடி வெட்டக் கற்றுக்கொண்டாள். அரைவிரல்களுக்கு நடுவில் சீப்பைச் செருகிக்கொள்ளும் வித்தை அவளுக்கே உரியது. வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலி, தலைக்குமேல் கவிழ்க்கும் உலர்த்தி இரண்டு என்று கடை தொடங்கினாள்.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. தலையில் டை பூசி அரைமணி நேரம் உட்கார வேண்டியவர்கள் சும்மா உட்காரக் கூடாது. நீல்டா புத்தகத்திலிருந்து ஒரு கதை படிப்பாள், அவர்கள் கேட்க வேண்டும். "கதை வேணாம், டை மட்டும் போதும்" என்று சொன்ன மருந்துக்கடைக்காரர் மனைவியிடம், "அப்ப கோழி வாங்கற கடையில போய்ப் பூசிக்கோங்க" என்றாள். அந்த அம்மாள் இரண்டு மாதம் கழித்துத் தலையில் நரை தெரிய வந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்டாள்.

நீல்டா படித்ததோடு நிறுத்தவில்லை, விசாரித்தாள். நாற்காலியில் உட்காரும் கிழவிகளில் பாதிப் பேர் ஓர்ஃபிலியாவோடு வேலை செய்தவர்கள். கத்தரி நடக்க நடக்கக் கேள்வியும் நடக்கும். இப்படித் தலை தலையாக அவள் சேர்த்த வாழ்க்கை இது. ஓர்ஃபிலியா முதலில் பள்ளி ஆசிரியை. கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, ஒளித்து வைக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தில் நடந்தவள். தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகளோடு போய் நின்றதற்காகப் பள்ளியை விட்டு விரட்டப்பட்டாள். யாரும் வேலை தரவில்லை. பெயரைச் சற்று மாற்றிக்கொண்டு, எந்தத் தொழிற்சாலையால் வேலை போனதோ அதிலேயே போய்ச் சேர்ந்து, பதினோரு வருடம் எட்டாம் மேசையில் நின்றாள். டின்னில் ஒட்டும் லேபிள்களின் பின்பக்கத்தில் கதை எழுதினாள்.

"சாப்பாட்டு நேரத்துல எழுதுவா. நாங்க தின்னுக்கிட்டே, என் பேரைப் போடு, என் பேரைப் போடுன்னு கேப்போம்" என்று சொன்னவள் பெத்ரோனா. எட்டாம் மேசையில் ஓர்ஃபிலியாவுக்கு எதிரே நின்றவள். "போட்டாளே பாவி! என் மூக்கு பெருசுன்னும் சேர்த்துப் போட்டா."

அடுத்துப் பட்டாளத்து ஆட்சி வந்தது. ஊர் நூலகத்திலிருந்து 'எட்டாம் மேசை' காணாமல் போயிற்று. நீல்டா தன் பிரதியை முடி சுருட்டும் ரோலர் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். படிக்கும்போது, தெருவுக்குக் கேட்காமல் இருக்க, காலியாக இருக்கும் உலர்த்தியைப் போட்டுவிடுவாள். அது லாரிபோல இரையும். அந்த இரைச்சலுக்குள் நாலு பெண்கள் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்பார்கள். பட்டாள முகாம் கேப்டனின் மனைவியும் அதில் ஒருத்தி. ஒருநாள் வாசலில் நின்று, "அந்தக் கதையில வர்ற ஃபோர்மேன் கடைசியில என்ன ஆனான்னு சொல்லவேயில்லையே நீங்க" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டபோதுதான், யார் யாருக்குக் கதை பிடித்திருக்கிறது என்று நீல்டாவுக்கு விளங்கியது.

தொழிற்சாலை மூடியது. பட்டாளமும் போனது. இரண்டாயிரத்து மூன்றில், நீல்டாவுக்கு ஐம்பத்தேழு வயதில், ஓர்ஃபிலியாவின் நூற்றாண்டு வந்தது. நகராட்சிக்குத் திடீரென்று அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. சதுக்கத்தில் மார்பளவுச் சிலை என்று அறிவித்தார்கள். பழைய தொழிற்சாலை முதலாளியின் குடும்பமே அதற்குக் கொடையாளி. நீல்டா மகிழ்ச்சியில் அன்று யாருக்கும் சரியாக முடி வெட்டவில்லை.

சிலைக்கு அடியில் பதிக்கும் பித்தளைத் தகட்டின் வாசகம் ஊர்ப் பத்திரிகையில் வந்தது. 'ஓர்ஃபிலியா காசலே. மென்மையான ஆசிரியை. நம் நதியின் பாடகி. தன்னந்தனியே வாழ்ந்து எழுத்துக்குத் தன்னை அர்ப்பணித்தவர்.'

நீல்டா பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே நகராட்சிக்குப் போனாள். பண்பாட்டு அலுவலர் கஸ்தோன் இருரேத்தா, முப்பது வயதுக்காரன், மரியாதையானவன், எழுந்து நின்று நாற்காலி காட்டினான்.

"தம்பி, நதியைப் பத்தி அவங்க ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்காங்க. தொழிற்சாலைச் சாக்கடை கலந்து ரத்தமா ஓடுச்சுன்னு. அதைத்தான் பாட்டுங்கறீங்களா?"

"நீல்டாம்மா, இது விழா. எல்லாத்தையும் ஒரு தகட்டுல போட முடியுமா?"

"வேலையை விட்டு விரட்டினதைப் போட ஒரு வரி போதும். டின் ஃபேக்டரிக்கு ஒரு வரி. 'தன்னந்தனியே'ன்னு இருக்கே, அதை எடுங்க. அவங்களுக்குப் பொண்ணு இருக்கா."

அவன் தொண்டையைச் செருமினான். "கொடையாளிகள் மனசு நோகக் கூடாதில்ல? கமிட்டியில பேராசிரியர்கள் இருக்காங்க, அவங்க எழுதினது. தப்பா நினைக்காதீங்க, நீங்க முடி வெட்டறவங்க."

"ஆமா. இந்த ஊர்ல எல்லாத் தலையும் என் கையில இருந்திருக்கு. எதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உன்னோடதையும் சேர்த்து" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். சின்ன வயதில் அவனுக்குப் பேன் எடுத்தவள் அவள்தான்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. நீல்டாவின் கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம். பத்தே முக்காலுக்கு அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "நான் போறேன். காத்திருக்கறவங்க காத்திருங்க. வர்றவங்க வரலாம்."

"எப்படிடீ வர்றது? தலையெல்லாம் ரோலர்" என்றாள் பெத்ரோனா.

"ரோலரோட வா. அவளை வேலை உடுப்போடதானே எல்லாரும் பார்த்தீங்க?"

பதினாறு பெண்கள் கிளம்பினார்கள். பாதிப் பேர் தலையில் ரோலர், மூன்று பேர் தலையில் டை, எல்லார் தோளிலும் கடையின் ஊதாத் துணி. சதுக்கத்தில் நகராட்சி வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருந்தது. மேயர் திரையை இழுத்தார். வெண்கல ஓர்ஃபிலியா கழுத்தில் முத்துமாலையோடு இனிமையாகச் சிரித்தாள்.

"முத்துமாலையா! அவ கழுத்துல அழுக்குத் துண்டைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லையே!" என்று பெத்ரோனா சத்தமாகவே சொன்னாள்.

மேயர் பேசத் தொடங்குமுன் நீல்டா புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். எலுமிச்சம்பழக் கதை. முப்பது வருடத்துக்குமேல் உலர்த்தி இரைச்சலுக்குள் படித்துப் பழகிய குரல் அது. ஒலிபெருக்கி தோற்றது. ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்த பக்கம். வாத்தியக் குழுவை வாசிக்கச் சொல்லி மேயர் கையாட்டினார். குழுத் தலைவரின் தாயாரும் அந்தத் தொழிற்சாலைக்காரிதான். அவர் கோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கலைக்கச் சொல்லிக் கான்ஸ்டபிள் வில்மாரை அனுப்பினார்கள். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அந்த நேரத்தில் புத்தகம் பெத்ரோனாவின் கையில் இருந்தது. பெத்ரோனா அவனைப் பெற்றவள்.

"அம்மா, வீட்டுக்குப் போம்மா. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். என் மூக்கு வர்ற இடம் இதுதான். தொப்பியைக் கழட்டிட்டு நில்லு."

வில்மார் தொப்பியைக் கழற்றினான். கதை முடிந்த பிறகே மேயரால் பேச முடிந்தது. பேச்சில் நதி என்ற சொல் வந்தபோதெல்லாம் பதினாறு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் கடைக்கு வந்தார். கை கழுவும் தொட்டி வாசலிலிருந்து உரிய தூரத்தில் இல்லையாம். மூன்று வாரம் கடைக்குப் பூட்டு. நீல்டா வழக்குப் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. நாற்காலியைச் சதுக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய், சிலைக்குப் பக்கத்தில் போட்டு, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் பீடத்தின்மேல் வைத்துவிட்டு, அங்கேயே முடி வெட்டினாள். ஊர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். அந்தப் படம் தலைநகர் வரைக்கும் போயிற்று.

படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வியாழக்கிழமை பேருந்தில் ஒரு பெண்மணி வந்து இறங்கினாள். எழுபத்தொரு வயது. நீல்டாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "பின்னால கொஞ்சம் குறைச்சா போதும். நான் ஈரிஸ். அது எங்கம்மா" என்று சிலையைக் காட்டினாள்.

நீல்டா அவள் தோளில் ஊதாத் துணியைப் போர்த்தினாள். இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். உங்க அம்மா எப்பேர்ப்பட்டவங்க, என்ன தைரியம், என்ன எழுத்து! ஈரிஸ் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எல்லாம் நிஜம்தான்" என்றாள் கடைசியில். "ஆனா நீங்க அவளோட வீட்டுல இருந்ததில்லை. ஞாயித்துக்கிழமை எழுத உக்காந்தா, நான் இருக்கறதே மறந்துடும். கதவைத் தாழ் போட்டுக்குவா. நான் வெளியில நின்னு பசிக்குதுன்னு அழுவேன். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரங்கதான் ரெண்டு நாள் சாப்பாடு போட்டாங்க. அப்ப எழுதின கதைதான் இருக்கறதுலயே நல்ல கதைன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் இன்னும் படிக்கலை."

அது எந்தக் கதை என்று நீல்டாவுக்குத் தெரியும். எத்தனையோ தலைகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறாள். ஈரிஸின் பின்கழுத்தில் ஒட்டிய முடியைத் தூரிகையால் தட்டிவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "கோவமா அக்கா?"

"இருக்கு. அவமேலயும் இருக்கு. என்னை இல்லாம பண்ணின அந்தத் தகட்டுமேல அதைவிட அதிகமா இருக்கு. தனியாவா வாழ்ந்தா? அப்ப நான் யாரு? நீங்க ஏதாவது எழுதறதா இருந்தா, ஈரிஸின் அம்மான்னு போடுங்க. அப்பன் பேரு வேண்டாம். அவளைப் புனிதவதி ஆக்காதீங்க, அவளுக்கே பிடிக்காது."

அன்று மாலையே நீல்டா பூட்டு ரிப்பேர்க்காரர் ஆபேலிடம் போனாள். எழுத்து வெட்டும் கருவி அந்த ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. இரும்புத் தகட்டில் அவர் வெட்டிக்கொடுத்தார்: 'ஈரிஸின் அம்மா. ஆசிரியை. வேலைநிறுத்தத்தில் நின்றதால் விரட்டப்பட்டவர். டின் தொழிற்சாலையில் பதினோரு வருடம் நின்றவர். எழுதுவதை நிறுத்தாதவர்.' பித்தளைத் தகட்டின்மேல், ஓர்ஃபிலியாவின் பெயர் மட்டும் தெரிய மற்ற வரிகளை மறைத்து, நீல்டாவே நாலு திருகாணி போட்டு முடுக்கினாள். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க.

நகராட்சி ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனான். ஆபேல் இன்னொன்று வெட்டினார். அதுவும் போயிற்று. மூன்றாவதைக் கழற்ற வந்தவனிடம், "பார்த்துக் கழட்டுப்பா, திருகாணி நல்ல திருகாணி" என்று நீல்டா பக்கத்தில் நின்று சொன்னாள். நாலாவது போனபோது பள்ளி ஆசிரியைகள் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார்கள். ஐந்தாவதைக் கழற்ற யாரும் வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், கோடை முழுக்கவும் தகடு அங்கேயே இருந்தது.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் கஸ்தோன் இருரேத்தா கடைக்கே வந்தான்.

"நீல்டாம்மா, தகடு இருக்கட்டும்னு முடிவாயிடுச்சு. ஆனா இந்த அஞ்சாவது தகட்டுல வேலைநிறுத்தம்ங்கற சொல்லுல ஆபேல் ஓர் எழுத்தை விட்டுட்டாரு. வெளியூர்க்காரங்க வந்தா நமக்குத்தானே அசிங்கம்? எங்க ஆளை வெச்சு அழகாப் பித்தளையிலயே திருத்தித் தர்றோம். அதே வாசகம்தான்."

நீல்டா கையிலிருந்த தலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தொடக் கூடாது. இன்னைக்கு எழுத்தைத் திருத்துவீங்க, நாளைக்கு வரியைத் திருத்துவீங்க. விட்டுப்போன எழுத்தைப் படிக்கறவங்க சேர்த்துக்குவாங்க. உக்காரு தம்பி, உனக்கும் காதுக்குமேல வளர்ந்து கிடக்கு."