அக்காள் சமைக்காத நாள்

தாயை இழந்த எனக்குத் தாயாய் விளங்கிய அக்காள் அவர்கள் நம்மைப் பிரிந்து இன்றோடு பதினாறு நாள்கள். இந்நினைவு மலரைக் கையில் பெறும் உற்றார் உறவினருக்கு அவர் வாழ்வைச் சொல்லத் தம்பியாகிய நான் கடமைப்பட்டிருக்கிறேன். எட்டாம் நாள் படையலில் வாழையிலை ஓரமாக நான் வைத்த கடைக் கோழிப் பெட்டியைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். அதற்கும் விளக்கம் தர வேண்டும்.

அக்காள் ரெம்பாவ் ஊரை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தார். பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. விடியுமுன் உலை வைத்து, எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். மரவள்ளிக்கிழங்கு, நெத்திலிச் சம்பல், வேலியோரத்துக் கீரை என்று மாற்றி மாற்றிச் சமைத்தே என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தார். நான் ஆசிரியப் பணியில் அமர்ந்தது அந்த அடுப்பின் பயன்.

தோட்டம் கைமாறியபின், கணவரை இழந்திருந்த அக்காள் தம் மகளுடன் பகாவ் நகரத்து அடுக்குமாடி வீட்டில் குடியேறிப் பள்ளியொன்றில் துப்புரவு வேலை செய்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், அம்மகளின் பத்தாவது பிறந்தநாளன்று, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே சென்றேன். கூடத்தில் பள்ளித் தோழியர் ஐவர்; நடுவே பொரித்த கோழிக் கடையின் பெட்டிகள். எனக்குச் சினம் பொங்கியது.

"என்னக்கா இது? மரம் வெட்டிட்டு வந்த காலத்துலயே அடுப்ப அணைக்காத ஆளு நீ. இப்ப கடையில பொங்குஸ் பண்ணி, பொட்டலமா வாங்கித் தின்ற அளவுக்கு வந்துட்டியா?"

அக்காள் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். "இன்னிக்கு ஒரு நாளு சமைக்கல தம்பி. பொறந்தநாளுதானே லா. நீயும் ஒரு துண்டு தின்னு."

தின்றேன். "இதெல்லாம் ஒரு ருசியா? உன் கைப்பக்குவம் வருமா?" என்றேன்.

"அதான, எப்படி வரும்?" என்று அக்காள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

நான் அத்தோடு நிற்கவில்லை. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாவிலும், அக்காள் டவுனுக்கு வந்து அடுப்பை மறந்துவிட்டார் என்று உறவினரிடம் சொன்னேன். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியது. அவர் மறுக்கவில்லை.

சென்ற மாதம் அக்காள் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தபோதுதான் அவர் மகள் வாய் திறந்தார்.

"மாமா, அன்னிக்கு நீங்க தின்னது அம்மா பொரிச்ச கோழிதான். கூட்டாளிங்க எல்லாம் அந்தக் கடையிலதான் பொறந்தநாள் கொண்டாடுவாங்க. எனக்கும் வேணும்னு அழுதேன். அம்மா சம்பளத்துக்குக் கட்டுப்படி ஆகுமா? பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கடையில வேல செஞ்சாங்க. அவங்ககிட்ட காலிப் பெட்டி வாங்கி, பாசார்ல கோழி வாங்கி, சோம்பு அரைச்சுப் போட்டுப் பொரிச்சாங்க. கூட்டாளிங்க முன்னால நீங்க கேட்டா அம்மா என்னதான் சொல்வாங்க?"

சோம்பின் மணம் அன்றே என் மூக்குக்கு எட்டியது. எல்லாம் அறிந்தவன் என்ற செருக்கு அதை மதிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தேன். அக்காள் கண் திறக்கவில்லை. ஆகவேதான் அந்தப் பெட்டி படையலில் இடம்பெற்றது. அதற்குள் இருந்ததும் அவர் மகள் வீட்டில் பொரித்த கோழியே.

மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், அன்று காலிப் பெட்டி தந்த அம்மையாருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். என் சொல்லை அப்போது நம்பிய உறவினர்கள் இதையும் நம்ப வேண்டுகிறேன்: அன்றும் அக்காள் சமைத்திருந்தார்.