ஈக்குத் தட்டிய தொடை

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. நான் சொல்லுவேன். கோண்டிபா. போன சித்திரைத் திருவிழாவிலிருந்துதான் சொல்கிறேன், யார் கேட்பது?

கோல்ஹாப்பூருக்குப் பக்கத்தில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர் அவர். இளவட்டத்தில் குஸ்திக் களத்தில் புரண்டவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு எருமைகளோடு மட்டும்தான் மல்லுக்கட்டு.

அன்று திருவிழாக் களத்தில் கடைசிக் குஸ்திக்குச் சாங்லியிலிருந்து ஹிந்துராவ் பயில்வான் வந்திருந்தான். களத்தைச் சுற்றி வந்தான். அவனோடு மோத எங்கள் ஊரில் ஒருவனும் எழவில்லை.

"என்னங்கய்யா, பாலையெல்லாம் வித்துட்டு இந்த ஊர்ல டீத்தண்ணிதான் குடிக்கிறீங்களா?" என்றான், கொழுப்பெடுத்தவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் விற்பது எங்கள் வீடுதானே!

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் பட்டென்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் தொடையில் தட்டியிருந்தார். மாட்டு ஈ கடித்திருக்கிறது, பெண்கள் பக்கத்திலிருந்து நானே பார்த்தேன். ஆனால் களத்தோரம் தொடை தட்டினால் எங்களிடம் ஒரே அர்த்தம்தான். மேளம் முழங்கத் தொடங்கிவிட்டது.

ஊர்த்தலைவர் பாட்டீல் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். "ஏம்ப்பா, ஈயா, சவாலா? ஈன்னா இப்பவே சொல்லிடு. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க."

சிரிக்க மாட்டார்களாம்! ஹிந்துராவ் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தான்.

இவர் சட்டையைக் கழற்றினார். "தட்டினது தட்டினதுதான் பாட்டீல். மேளத்த அடிக்கச் சொல்லுங்க."

ஐம்பதை நெருங்கும் வயதில் இது தேவையா? "ஏங்க, இடுப்பு போயிடும்!" என்று கத்தினேன்.

"போனா நீ பால் கற!" என்று திருப்பிக் கத்தினார். ஊரே சிரித்தது.

பிடித்த பிடியிலேயே ஹிந்துராவ் அவரைத் தூக்கிக் குப்புறப் போட்டான். முதுகு மண்ணைத் தொட்டால்தான் தோல்வி. இவரோ சுவரில் அறைந்த வரட்டி மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டார். அவன் புரட்டினான், நெம்பினான், கழுத்தில் முழங்கையை வைத்து அழுத்தினான். ஊஹூம், வரட்டி பெயரவில்லை. இருட்டிக்கொண்டு வர, பாட்டீல் இருவரும் சமம் என்று அறிவித்தார்.

ஹிந்துராவ்தான் கை கொடுத்து இவரைத் தூக்கி நிறுத்தினான். "பெரியவரே, எந்த எருமைப் பால் குடிக்கிறீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றான், மூச்சு வாங்கியபடி.

வீட்டில் வெந்நீர் வைத்து அவரை உட்கார வைத்தேன். மார்பெல்லாம் செம்மண், மூக்குக்குள்ளும் செம்மண். முதுகில் மட்டும் ஹிந்துராவின் விரல் தடங்கள் வரிவரியாக இருந்தன. தரை பட்ட அடையாளம் ஓரிடத்திலும் இல்லை.

"தண்ணி ஊத்தேன்டி, எரியுது" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க." சொம்பை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தேன்:

"எல்லாரும் வாங்கடி! வந்து என் கோண்டிபாவோட முதுகப் பாருங்க!"