மாமனுக்குச் சொல்லாமல் எடுத்தோம்

சபையில் சாட்சி சொல்கிற நாட்களில் எல்லாரும் ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்வார்கள். நானும் எழுந்து நின்று பலமுறை சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் தீர்ந்ததைச் சொல்லியிருக்கிறேன், மழையில் இடிந்த சுவர் எங்கள் மேல் விழாமல் தப்பியதைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கம். கடிகாரம் துரை பங்களாவிலும் ஆபீசிலும்தான் இருந்தது. வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராக்களில் இருந்த எங்களுக்குத் தப்பு மேளம்தான் கடிகாரம். விடியுமுன் அது அடித்தால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் ஆள் கூட வேண்டும். அதே மேளம் பகலில், வேறு அடியில், விட்டு விட்டுக் கேட்டால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கையை நிறுத்தி, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடுவார்கள். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா கூட அன்றைக்கு வாய் திறக்கமாட்டார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. மேல் டிவிசனில் வேதக்காரர்கள் நாங்கள் ஐந்து குடும்பம்தான், மற்றவர்கள் எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். என் மனைவியும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழ் டிவிசனில் அவளுடைய அண்ணன், என் மச்சான், இருந்தார். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தவர் அவர். ஞானஸ்நானம் எடுத்து என்னைக் கட்டிக்கொள்ள அவள் சம்மதித்தபோது, அவர்கள் சொந்தத்தில் ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. அவர் மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். எப்போது உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் ஆராதனை முழுவதும் நின்றுகொண்டே இருந்தார்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். காதுக்குத் தோடு போட்டது அந்த மாமன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆற்றைக் கடந்து வருவார். "மாமா வந்துட்டாரு" என்று அவள் தண்ணீர் பிடிக்கிற பீலியடிவரை ஓடுவாள். அங்கேயிருந்து அவர் தோளில் ஏறித்தான் வீட்டுக்கு வருவாள்.

"மச்சான், இவளுக்கு வேதப்பாட்டு எத்தனை சொல்லிக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்பார்.

"நாலு."

"நான் அஞ்சு காமன்கூத்துப் பாட்டு சொல்லிக் குடுத்திருக்கேன். ஒண்ணு கூட."

மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் எனக்கு விசுவாசத்தில் ஒரு வேகம் பிடித்திருந்தது. டவுனிலிருந்து உபதேசியார் இரண்டு வாரத்துக்கொருமுறை வந்து வேதம் வாசித்து விளக்குவார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துக் கூட்டி வாசித்தாலும் வாசித்ததை விடமாட்டேன். ஜெப ஆலயத் தலைவர் ஒருவரின் சின்ன மகள் இறந்துகிடக்கிற வீட்டுக்கு இயேசு போகிற பகுதியை அப்போதுதான் வாசித்திருந்தோம். அங்கே குழல் ஊதுகிறவர்களும் கூச்சல் போடுகிற கூட்டமும் இருந்தார்கள். அவர்களை ஆண்டவர் வெளியே போகச் சொன்னார். இது என் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. நம் வீட்டில் ஒரு சாவு வந்தால் மேளமும் மாரடிப்பும் இருக்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். என் அம்மாவை நினைத்துத்தான் அப்படித் தீர்மானித்தேன். அவளுக்கு வயதாகியிருந்தது.

தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவ்வாத்து நடக்கிற மாதம், மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு ஐந்து வயது. டாக்டரய்யா மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாமன் வந்து, நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்தார். போகும்போது, "நாளைக்கு வேலை விட்டதும் வந்துர்றேன். எதுன்னாலும் தெரியப்படுத்துங்க மச்சான்" என்றார். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் போய்விட்டாள். கை என் விரலைப் பிடித்தபடியே இருந்தது.

அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் கூடினார்கள். தப்புக்கார அண்ணன் மேளத்தோடு வந்து, பீலிப் பக்கம் கவ்வாத்தில் வெட்டிக் காய்ந்த தேயிலை மிலாறைப் போட்டு நெருப்பு மூட்டினார். தோலைச் சூடு காட்டினால்தான் சத்தம் கணீரென்று வரும். நான் இறங்கிப்போய், "அண்ணே, வேணாம். நாங்க வேதக்காரங்க. பாட்டுப் பாடித்தான் எடுப்போம்" என்றேன்.

அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எடுக்கும்போது பாடுங்க தம்பி. நான் சேதிக்குத்தான் அடிக்கப் போறேன். கீழ் டிவிசன்ல மாமங்காரன் இருக்கான்ல. அவனுக்குக் கேக்கவேணாமா?"

"அவருக்கு ஆள் அனுப்பிட்டேன்."

"ஆளு எப்பப் போய்ச் சேர? மேளம்னா இந்நேரம் கத்தியப் போட்டுட்டு ஓடியாருவான்."

"எம் புள்ளைக்கு மேளம் வேணாம்ணே."

பக்கத்துக் காம்பரா அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சத்தமில்லாம எடுக்குறதுக்கு இது என்ன கோழிக்குஞ்சா?"

நான் காம்பராவுக்குத் திரும்பினேன். ஆண்டவருக்காக அவமானத்தைச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு பெருமைகூட இருந்தது.

அனுப்பிய ஆள் தோட்டத்துக்குப் புதிது. கீழ் டிவிசன் லயத்தில் ஒருவரும் இல்லை, எல்லாரும் மலையில். எந்த மலையில் கவ்வாத்து என்று அவனுக்குத் தெரியவில்லை. மூடுபனி வேறு. இரண்டு மலை ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வந்தான். "பாக்க முடியலண்ணே" என்று அவன் சொன்னபோது மணி ஒன்று இருக்கும். காலையிலேயே டவுனுக்குச் சொல்லியனுப்பியிருந்ததால் உபதேசியார் வந்திருந்தார். மூன்று மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு அன்று வேறு பஸ் கிடையாது. மழையும் இறங்கப் பார்த்தது.

என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "என்னங்க, அண்ணனுக்குத் தெரியாது. அண்ணன் வராம எடுக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் வெளியே வந்து பார்த்தேன். தப்புக்கார அண்ணன் போகவில்லை. அணைந்துபோன நெருப்புக்குப் பக்கத்தில், மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கையைக் காட்டியிருந்தால் போதும். காலையில் எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று சொன்னவன் மத்தியானம் எப்படி வேண்டும் என்பது? அதுதான் என்னைத் தடுத்தது. வேதம் தடுக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

எடுத்துவிட்டோம். பாட்டுப் பாடித்தான் எடுத்தோம்.

வேலை விட்டு, மசங்குகிற நேரத்தில் மச்சான் வந்தார். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி, கையில் ஒரு பிஸ்கட் பொட்டணம். தலை முழுகிய ஈரத்தோடு பெண்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"மேளம் கேக்கலையே மச்சான்" என்றார். "காலையிலருந்து காதத் தீட்டிக்கிட்டுல்ல வேலை செஞ்சேன். ஒரு சத்தமும் வரல. புள்ள தேறிட்டான்னு பக்கத்து நெரக்காரன்கிட்டக்கூடச் சொன்னேன். அந்த சந்தோஷத்துல கடைக்கெல்லாம் போய்ட்டு..."

 நான் ஆண்டவருடைய சித்தம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தங்கையிடம், "எங்க வச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவள் எழுந்து கூட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். ஈர மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார். பொட்டணத்தை அங்கேயே வைத்துவிட்டு, எங்கள் லயத்துப் பக்கம் திரும்பாமல், மழையில் ஆற்றை நோக்கி இறங்கிப்போனார்.

என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் விடியுமுன் பெரட்டு மேளம் அடிக்கத் தொடங்கினால், அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவள் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிடுவாள். அது ஓயும்வரை அப்படியே இருப்பாள். பிறகுதான் ஊதுவாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, தினமும்.

மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் ஆண்டவர் என்னைத் தாங்கினார். அது பொய்யில்லை. ஸ்டோர் மாடியில் கொழுந்தை விரித்துக்கொண்டே ஜெபிப்பேன், மனம் கொஞ்சம் அடங்கும். அவள் அவரிடம் இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் மச்சானை நினைத்து ஜெபிக்க மண்டியிட்டால் மட்டும் வார்த்தை வராது. எதிரில் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதுபோல் இருக்கும்.

ஐந்தாறு மாதம் கழித்து உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. வேதத்தைப் புரட்டி, சகோதரன் வியாதியாகக் கிடந்து இறந்துபோன இரண்டு சகோதரிகளின் பகுதியை எடுத்துக் கொடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

"அந்தப் பொம்பளைங்க முதல்ல என்ன செஞ்சாங்க?" என்றார்.

"ஆண்டவருக்கு ஆள் அனுப்பினாங்க."

"வேண்டியவங்களுக்குச் சேதி சொல்றதுதான் முதல் வேலை. அங்க அழுதவங்கள அவர் வெளிய போகச் சொன்னாரா?"

"இல்லங்கய்யா. அவரும் சேர்ந்து அழுதாரு."

"அந்தத் தலைவர் வீட்டுல அவர் சத்தத்த நிறுத்தினது, புள்ளைய எழுப்பப் போறதால. நாம எழுப்பப் போறமா?" வேதத்தை மூடி வைத்துவிட்டு, "நானும் அன்னைக்கு பஸ்ஸத்தான் நெனச்சேன். மாமன் வந்துட்டாரான்னு கேக்கல. அதுக்கு நானும் மன்னிப்புக் கேக்கணும். நீங்க கேட்டீங்களா?" என்றார்.

"தினமும் ஆண்டவர்கிட்ட கேக்குறேனே."

"அவர்கிட்ட அப்புறம். மச்சான்கிட்ட?"

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் ஆற்றைக் கடந்தேன். மச்சான் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லவேண்டியதைச் சொன்னேன். வேதத்தின் மேல் பழி போடாமல், என் வீம்பினால்தான் என்று சொன்னேன். தீட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

"ஒங்க சாமி மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல மச்சான். அந்தச் சாமி கோயிலுக்குத்தான் எந்தங்கச்சியக் கையப் புடிச்சிக் கூட்டியாந்தேன். ஒங்க மேலதான்." பிறகு உள்ளே பார்த்து, "வந்தவருக்குத் தேத்தண்ணி குடு" என்றார்.

நான் குடித்தேன். ஆனால் அதற்குப் பிறகும் அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. தங்கையை வழியில் கண்டால் பேசுவார். மன்னிப்புக் கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆண்டவரிடம் கேட்டுப் பழகியவன் அப்படித்தான் நினைப்பான்.

எட்டு வருஷம் போயிற்று. ஒரு நாள் காலை, எல்லாரும் மலைக்குப் போன பிறகு, என் அம்மா போய்ச் சேர்ந்தாள். கண்ணை மூடிவிட்டு நேராகத் தப்புக்கார அண்ணன் காம்பராவுக்குப் போனேன். அவருக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டார்.

"இந்தத் தடவ அடிக்கலாமா தம்பி?"

"அடிங்கண்ணே. கீழ் டிவிசனுக்குக் கேக்கணும்."

சபையில் ஒரு மூப்பர் என்னைத் தனியாக அழைத்து, "வேதக்காரன் வீட்டுல மேளமா?" என்றார். "சேதிக்குங்க. பாட்டு நாம பாடுவோம்" என்றேன்.

மேளம் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மச்சான் ஓடிவந்தார். கவ்வாத்துக் கத்தி கையிலேயே இருந்தது. முழங்கால்வரை ஆற்றுத் தண்ணீர். வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்ததும் அவர் எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருன்னு தெரியல தாயி. நீயோன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

அவள் குனிந்து அவர் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தம் போட்டு அழுதார். வந்திருந்தவர்கள் தங்கையின் மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று பார்த்தார்கள். அந்த அழுகை என் அம்மாவுக்கு இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து போகவில்லை.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் மகளை வைத்த இடத்தில் நின்றோம். மண் அமிழ்ந்து புல் மூடியிருந்தது. நான் ஜெபித்தேன். அவர் கைகட்டி நின்றார், அன்று கோயிலில் நின்ற மாதிரியே.

மறுநாள் விடியுமுன் பெரட்டு மேளம் அடித்தது. என் மனைவி ஊதுகுழலை எடுத்துக் கீழே வைத்தாள். இனி வைக்கமாட்டாள் என்று நான் ஏன் நினைத்தேனோ தெரியாது. எழுந்துபோய் அடுப்புக்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேளம் ஓயும்வரை இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.