மூன்று நாள் அறை

இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி, இரண்டு வருஷம் ஓர் அறையைக் காப்பாற்றி வைத்திருந்தேன். திருச்சானூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருக்கிற சின்ன அறை அது. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, பக்கத்து லாட்ஜின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான். சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ஏசி பெட்டிகள் நாளெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம்கூட எனக்குப் பிடிக்கும்.

என் கணவருக்குக் கோயிலில் பரம்பரைக் கைங்கரியம். அதனால் வீட்டில் மடி, ஆசாரம் எல்லாம் கறார். மாதவிலக்கை எங்கள் வீட்டில் ‘தூரம்’ என்பார்கள். தூரமானவள் மூன்று நாள் அந்த அறையில்தான் இருக்க வேண்டும். அவளையோ அவள் தொட்ட பொருளையோ யாரும் தொடக்கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். கல்யாணமாகி வந்த புதிதில் இதை நினைத்து அழுதிருக்கிறேன். பிறகுதான் புத்தி வந்தது. யாரும் நுழையாத அறை, யாரும் திறக்காத டப்பா, யாரும் வேலை சொல்லாத பகல். இந்த வீட்டில் வேறு எங்கே எனக்கு இதெல்லாம் கிடைக்கும்?

கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருந்தேன். அதில் பால்கோவா, சாக்லேட், கூடவே பூண்டு மிக்சர். வெங்காயமும் பூண்டும் வாசற்படி தாண்டாத வீட்டில் பூண்டு மிக்சர்! ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக் கடையில் வாங்கி, பூக்கூடைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவருவேன். டப்பாவுக்குப் பக்கத்தில் துப்பறியும் நாவல்களை அடுக்கி வைத்திருந்தேன். அவற்றைப் படித்துப் படித்து, யார் இருமினாலும் ஏன் இருமுகிறார்கள் என்று யோசிக்கிற ஆளாகிவிட்டேன்.

நாற்பத்தொன்பது வயதில் எனக்குத் தூரம் நின்றுபோனது. மற்றவர்கள் அப்பாடா என்பார்கள். எனக்கோ பயம்தான் வந்தது. அறை போய்விடுமே! இனி மாதம் முப்பது நாளும் அடுப்பங்கரைதானே! யாரிடமும் மூச்சு விடவில்லை. மாதம் ஒருமுறை, காலைக் காபிக்கு முன்னால், “அம்மா, நான் தூரம்” என்று கொல்லையிலிருந்து மாமியாருக்குக் குரல் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். மனசு உறுத்தாமல் இல்லை. அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். தூரத்தை மறைத்தால்தானே பாவம்? இல்லாத தூரத்தைச் சொன்னால் யாருக்கு என்ன தீட்டு?

ஆனால் பொய் சொல்கிறவளுக்கு எல்லார் பேச்சிலும் முள் தெரியும். மாமியாருக்கு எழுபத்தாறு வயது. தினசரி காலண்டரில் தேதி கிழிப்பது அவர் வேலை.

“ஏண்டி, போன மாசம் ஏகாதசிக்கு மறுநாள்தானே ஆனே? இருபத்தஞ்சு நாள்தானே ஆறது?” என்றார் ஒரு தடவை.

“இந்த வயசுல முன்னே பின்னே ஆகும்மா.”

“ஆகும், ஆகும்.”

அந்த இரண்டாவது ‘ஆகும்’ எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொன்று. கொல்லைக் கதவருகே நின்று மூக்கை உறிஞ்சினார்.

“என்னடி அங்கே பூண்டு வாசனை?”

“லாட்ஜ்காரா சமைக்கறா.”

“அந்த லாட்ஜுல சமையலே கிடையாதுன்னு பூக்காரி சொன்னாளே.”

“ரூம்ல ஸ்டவ் வச்சுண்டு யாராவது பண்ணுவாம்மா.”

அவர் உள்ளே போனார். அன்றே டப்பாவின் மூடிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி வைத்தேன். யாராவது திறந்தால் நூல் விழும். மாதங்கள் போயின, நூல் விழவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

எனக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் உண்டு. அவருக்குச் சர்க்கரை நோய். இனிப்பைக் கண்ணில் காட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து காவல் வேலை என்னுடையது. வெல்ல டப்பாவை மேல்தட்டில், புளிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஆனாலும் நாலாம் நாள் குளித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் வெல்லம் குறைந்திருக்கும். கணவர் இனிப்பைத் தொடமாட்டார். மாமியாருக்குத் தட்டு எட்டாது. முந்திரியும் இறங்கியிருக்கும். சின்ன வெண்கலப் பானை கழுவின ஈரத்தோடு கவிழ்ந்திருக்கும். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன், பிறகு மூடிக்கொள்வேன். நான் ஒன்றைக் கேட்டால் அவர் ஒன்றைக் கேட்பாரே!

போன ஆவணியில், என் பொய்த் தூரத்தின் இரண்டாம் நாள். காலை பத்து மணி இருக்கும். கணவர் கோயிலில் இருந்தார். கைங்கரிய நேரத்தில் செல்போன் வைத்துக்கொள்ளமாட்டார். நான் நாவலில் கொலைகாரனை நெருங்கிக்கொண்டிருந்தேன். சமையலறையில் டமாலென்று ஒரு சத்தம். தொடர்ந்து “பெருமாளே!” என்று மாமியாரின் குரல்.

ஓடினேன். சமையலறை வாசல்வரைக்கும் ஓடி, படியில் நின்றுவிட்டேன்.

பிளாஸ்டிக் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் உயரத்துக்குப் போட்டிருந்த மணை ஒரு மூலையில் கிடந்தது. மாமியார் வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்க, ஒருக்களித்துத் தரையில் விழுந்திருந்தார். சுற்றிலும் வெல்லக் கட்டிகள். அடுப்பில் வெண்கலப் பானையில் அரிசியும் பருப்பும் பாலில் கொதித்துக்கொண்டிருந்தன. மேல்தட்டில் வெல்லத்தை வைத்தவள் நான் என்பது முதலில் நினைவுக்கு வந்தது. அடுத்து நினைவுக்கு வந்தது, இன்னும் ஓர் அடி வைத்தால் அறை போய்விடும் என்பது. வலியில் முனகுகிற ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு, என் கட்டிலையும் டப்பாவையும் நினைத்தேன். சில நொடிகள்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மாமியார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“என்னடி பார்த்துண்டு நிக்கறே? நோக்குத்தான் ஒண்ணும் இல்லையே. வந்து தூக்கு.”

தூக்கினேன். முதலில் அடுப்பை அணைக்கச் சொன்னார். அப்புறம் வெல்லத்தைப் பொறுக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் கை வலிக்கிறது என்றார்.

திருப்பதியில் எலும்பு டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் தெலுங்கில் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் கேட்டேன்.

“எப்படிம்மா தெரியும்?”

“மெடிக்கல் ஷாப் கறுப்புக் கவர் ரெண்டு வருஷமா ஆத்துக்குள்ள வரலையேடி.”

நூல் செருகிக் காவல் காத்தவளுக்கு, நாப்கின் வாங்காவிட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றவே இல்லை.

“தெரிஞ்சுண்டே ஏன் கேக்கலை?”

“கேட்டா நீ உள்ளே வந்துடுவே. அந்த மூணு நாள்தான் அடுப்பங்கரை நேக்குன்னு இருக்கு. ஒரு வாய் திருக்கண்ணமுது பண்ணிச் சாப்பிட முடியறது. மத்த நாள்ல நீ போலீஸ்காரியாட்டம் நிக்கறியே.”

திருக்கண்ணமுது என்றால் பாயசம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு வருஷம் மாதாமாதம் நான் பயந்து செத்ததெல்லாம் இவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. கோபம் திருச்சானூர் வருவதற்குள் தணிந்துவிட்டது. மாவுக்கட்டுக் கை என் மடியில் கிடந்தது. வெல்லத்தை அத்தனை உயரத்தில் வைத்தது யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

கணவர் வந்ததும், “நீ தூரமாச்சே, எப்படித் தொட்டே?” என்று ஆரம்பித்தார். “அதெல்லாம் நாங்க ஸ்நானம் பண்ணியாச்சு. நீ போய் மருந்து வாங்கிண்டு வா” என்று மாமியார் அவர் வாயை அடைத்துவிட்டார்.

அதோடு அறை போயிற்று என்றுதான் முடிவு செய்தேன். அவரால் சமைக்க முடியாது, நான் எப்படி ஒதுங்குவது? ரகசியமும் இல்லை, சாக்கும் இல்லை. டப்பாவைக் காலி செய்து, கட்டிலை மடித்து வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை. நான் இன்னும் குளிக்கவில்லை, கொல்லையில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மாமியார் இடது கையால் காலண்டர் தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார்.

“இவ தூரமாயிட்டா. உன் சித்தி ஆத்துல சொல்லிடு, மூணு நாளைக்குத் தளிகை பண்ணி அனுப்பட்டும்.”

கணவர் என்னைத் தாண்டி, என் நிழல் படாமல் ஒதுங்கிப் போனார். அவர் தெருவில் இறங்கியதும் மாமியார் கொல்லைக் கதவருகே வந்தார்.

“போடி. மிக்சர் மட்டும் பூண்டு போடாததா வாங்கிக்கோ. அந்த லாட்ஜ்காரா தலையில எத்தனை நாளைக்குப் பழி போடுவே?”

“உங்களுக்கு ஒரு கையால என்ன முடியும்மா?”

“கிண்டறதுக்கு ஒரு கை போறும்.”

அவரை இரண்டாம் தடவை விழவைக்கவும் மனசில்லை, அவர் சர்க்கரையை ஏற்றிவிடவும் மனசில்லை. குளித்துவிட்டு, யாரும் பார்க்காமல் சமையலறைக்குள் போனேன். வெல்ல டப்பாவை மேல்தட்டிலிருந்து இறக்கி, அடுப்புக்குப் பக்கத்தில், அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்தேன். உள்ளே ஒரே ஒரு கட்டியை மட்டும் விட்டுவிட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.