ஒரு நாள் முந்திய பெருநாள்

பெருமையடிப்பதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஏற்காட்டில் அத்தாவின் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறேன் என்ற திமிர். அந்தத் திமிரில்தான், நோன்பு தொடங்கும் முன்பே, இந்த வருடம் பெருநாள் செவ்வாய்க்கிழமை என்று அறிவித்துவிட்டேன்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. ஹிஜ்ரி பிறைக் கணக்குத் தேதியைக் கொடுத்தால் ஆங்கிலத் தேதியாக மாற்றித் தர, நான் எழுதும் கணினி மொழியிலேயே ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. அதை வைத்து ஒரே வரியில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன். புனேவில் வேலை பார்க்கும் தம்பிக்கு நான்கு வருடம் கழித்துப் பெருநாளுக்கு லீவு கிடைத்திருந்தது, அதுவும் மூன்றே நாள். திங்கள் வந்து, செவ்வாய் கொண்டாடி, புதன் மதியம் சேலத்தில் ரயிலேறும்படி டிக்கெட்டையும் நானே போட்டேன்.

திங்கள் சாயங்காலம், இருபத்தொன்பதாவது நோன்பைத் திறந்த கையோடு, பிறை பார்க்க நானும் தம்பியும் கரடியூர் வியூ பாயிண்டுக்கு பைக்கில் ஓடினோம். ஒரே மூட்டம். பக்கத்தில் நிற்கிற தம்பியே சரியாகத் தெரியவில்லை, பிறை எங்கே தெரியும்?

அங்கே நின்றுகொண்டுதான் அந்த ஃபங்ஷனைப் பற்றிய குறிப்பை முழுதாகப் படித்தேன். வேறொரு நாட்டில் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணையைப் பார்த்து அது சொல்கிறதாம். கண்ணால் பிறை பார்க்கும் ஊர்களில் ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம் என்று எழுதியே இருந்தது. எனக்குத் தெரியாததா இது? கம்ப்யூட்டர் சொன்னதும் புத்தி புல் மேயப் போய்விட்டது. ஒரு ஃபங்ஷன் சரியாக இருக்கவேண்டும் என்று அன்றைக்குப் போல நான் என்றைக்கும் துஆ செய்ததில்லை.

பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். எங்கும் பிறை தெரியவில்லை, பெருநாள் புதன்கிழமை. தம்பி ரயிலேறும் நாள். வேறு டிக்கெட் இல்லை, லீவும் நீளவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, உம்பட கம்ப்யூட்டரு ஏற்காட்டு மூட்டத்தக் கேட்டுட்டுத்தான் தேதி சொல்லுச்சா?" என்றார் அத்தா.

"ஏனுங்க, புள்ளைய அழவெக்காதீங்க," என்றாள் அம்மா. "அவன் ரயிலேறுற எடத்துக்கு நாமளே சோத்தத் தூக்கிட்டுப் போனா, பெருநாளு வேண்டாம்னா சொல்லப்போவுது?"

புதன் காலை தொழுகை முடிந்ததும் பிரியாணி அண்டாவைப் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றினோம். பெரிய ரோட்டில் சுற்றுலா வண்டிகள் நெருக்கியடிக்க, குப்பனூர் வழியாக இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அத்தா அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். புதுச்சட்டையெல்லாம் நெய்.

சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஜமுக்காளம் விரித்தோம். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தட்டு நீட்டினோம். யாரும் மறுக்கவில்லை. இருபத்தெட்டு வயதுத் தம்பிக்கு அத்தனை பேர் நடுவில் அம்மா ஊட்டிவிட்டாள். அவனும் கூச்சப்படாமல் வாயைத் திறந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். செய்த தப்பே மறந்துபோயிற்று.

அப்புறம் என் புரோகிராமைத் திருத்தி, தேதிக்குக் கீழே 'பிறை தெரிந்தால்' என்று சேர்த்தேன். அடுத்த பெருநாளுக்குத் தம்பிக்கு இரண்டு தேதி அனுப்பி, எதற்கு டிக்கெட் போடட்டும் என்று கேட்டேன்.

"போன தடவ மாதிரி தப்பாவே போடுக்கா," என்று பதில் வந்தது. "அண்டாவ மறந்துராதீங்க."